எட்டாம் நாள் யாருடைய வலை

எத்தாளை
29.10.2012

நஜாத் மச்சானுக்கு,

ஸலாம். பதில் சொல்வது கடமை என்பதால் இந்த ஒரு சொல்லையாவது வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போனை நான்தான் அணைத்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் குரலைக் கேட்டால் ஏசுவேன், இல்லாவிட்டால் அழுவேன். இரண்டுக்கும் இப்போது நேரமில்லை. அதோடு நான் கேட்கப்போவது வாயால் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. இதைக் கல்பிட்டி பஸ் கண்டக்டர் மஹ்ரூப் நானாவிடம் கொடுத்து விடுகிறேன். அவர் பிரித்துப் பார்க்க மாட்டார். பார்த்தாலும் தலையும் விளங்காது, வாலும் விளங்காது.

ஹஜ் பெருநாளுக்கு நீங்கள் வரவில்லை. உங்களுக்கென்று ஒரு கிண்ணம் வட்டிலப்பம் எடுத்து வைத்திருந்தேன். இன்று காலை நானே தின்றேன். அது கிடக்கட்டும்.

நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் ஒரு மாதிரி ஞாபகம் வைத்திருப்பீர்கள், நான் ஒரு மாதிரி. எங்கள் கரையில் போன வருடம் பதின்மூன்று கரைவலைகள். இந்த வருடம் ஹிஸ்புல்லா புதிதாகச் சேர்ந்ததால் பதினான்கு. ஒரு நாளைக்கு ஒரு வலைதான் இறங்கலாம். யாருக்கு எந்த நாள் என்று முறைப் பட்டியல் எழுதுவதில் வருடா வருடம் சண்டை. "என் கம்ப்யூட்டர் செய்து தரும்" என்று மீனவர் சங்கத்தில் சொன்னது நீங்கள். புரோகிராம் எழுதியது நீங்கள். வலைக்குச் சொந்தக்காரரான பதினான்கு சம்மாட்டிமாரின் பெயர்களையும் தட்டிக் கொடுத்தது நான்.

ஒக்டோபர் முதலாம் திகதி, திங்கட்கிழமை பட்டியல் தொடங்கியது. முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் இலக்கம் வாப்பா. செவ்வாய்க்கிழமை இறக்கினார், கீரி மீன் அள்ளி வந்தார். எட்டாம் நாள் எட்டாம் இலக்கத்துக்கு உரியது, அதாவது பஸ்தியான் சம்மாட்டிக்கு. ஆனால் முந்திய இரவு ஒட்டிய இரண்டாம் வாரப் பட்டியலில் அன்றைக்கும் வாப்பாவின் பெயர். வாப்பா பட்டியலை நம்பித் தோணியைத் தள்ளினார். பஸ்தியான் விரலில் எண்ணித் தோணியைத் தள்ளினார். இரண்டு வலையும் கடலில் பின்னிக்கொண்டன. பஸ்தியானின் வலையில் மீன் சேருகிற மடி இரண்டு பாகம் நீளத்துக்குக் கிழிந்தது.

அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில், மருமகன் மாமனுக்கு முறை களவெடுத்துக் கொடுத்தான் என்று யாரோ சொன்னார்கள். நீங்கள் எழும்பி என்ன சொன்னீர்கள்? "பேர் தட்டினது என்ட வைஃப். அவ வாப்பாட பேர ரெண்டு தரம் தட்டிட்டா போல." இதைத்தானே சொன்னீர்கள்? அதுவரை கள்ளன் ஒருவன். அதற்குப் பிறகு கள்ளன் வாப்பா, கள்ளி நான். நீங்கள் மட்டும் வெள்ளைச் சேர்ட்டோடு தில்லையடிக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள்.

பிழை எங்கே என்று தெரியும்வரை வாப்பாவின் வலை கரையில் கிடக்கட்டும் என்று சங்கம் தீர்த்தது. மூன்று வாரமாகக் கிடக்கிறது. வாப்பாவோடு கயிறு இழுத்தவர்களில் ஆறு பேர் மற்ற வலைகளுக்குப் போய்விட்டார்கள். நவம்பர் பத்தாம் திகதிக் கூட்டத்திலும் பிழையைக் காட்ட முடியாவிட்டால் இந்தப் பருவம் முழுவதும் வாப்பாவுக்குக் கரை இல்லை. வாப்பா ஒன்றும் பேசுவதில்லை. காலையில் போய் வலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்.

உங்கள் புரோகிராமின் அச்சுப் பிரதி அலுமாரியில் மடித்து வைத்த உங்கள் சாரங்களுக்கு அடியில் கிடைத்தது. படித்துக்கொண்டிருக்கிறேன். லெப்டொப் உங்களிடம். அதை ஒருமுறை ஓடவிட்டு எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: இரண்டாம் வாரத்தில் திரும்பி வருவது வாப்பாவின் பெயர் மட்டும்தானா?

ஸும்ரா

*

தில்லையடி
31.10.2012

ஸும்ரா,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடமை முடிந்தது.

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிய நீ ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். அதே கூட்டத்தில், நான் வாய் திறப்பதற்கு முன்னால், உன் வாப்பா பத்துப் பேருக்கு நடுவில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒதுங்கி வந்தவனுக்குக் கரைட மொற என்ன தெரியும்." எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது மன்னாரிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது தோணியில் ஏற்றிக்கொண்டு வந்து இதே கல்பிட்டிக் கரையில்தான் எங்களை இறக்கினார்கள். இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் எத்தனை வருடம் போனால் ஒதுங்கியவன் வந்து சேர்ந்தவன் ஆவான் என்று உன் வாப்பாவிடம் கேட்டு எழுது.

புரோகிராமைப் பற்றி. நான் இங்கே டிப்ளோமா வகுப்பில் இருபத்திரண்டு பேருக்கு சி மொழி படிப்பிக்கிறேன். பொயின்டர் என் கைக்குப் பழகிய விஷயம். கம்பைல் செய்தபோது பிழை என்று ஒரு வரியும் வரவில்லை. எச்சரிக்கை ஒன்று வந்தது. அது எல்லோருக்கும் வரும். எச்சரிக்கைக்குப் பயந்தால் புரோகிராம் எழுத முடியாது. ஆகையால் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கத் தேவையில்லை.

நம்முடைய பட்ச்சில் முதலாவதாக வந்தது நீ, இரண்டாவதாக வந்தது நான். மறுக்கவில்லை. ஆனால் அது 2007இல். அதற்குப் பிறகு நீ கீபோர்டைத் தொட்டது இந்தப் பதினான்கு பெயர்களுக்குத்தான்.

வட்டிலப்பத்தை நீ தின்றது நல்லது. எனக்கு இங்கே உம்மா தந்தா.

நஜாத்

*

எத்தாளை
02.11.2012

மச்சான்,

உங்கள் உம்மாவின் வட்டிலப்பத்தில் ஏலக்காய் போதாது. அதை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

வாப்பா சொன்னதை நான் எழுதாமல் விட்டது எனக்கு வெட்கமாக இருந்ததால். அவர் சொன்னது பிழை. அவரிடமே சொல்லிவிட்டேன். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அவர் சொன்னது பிழை என்பதால் நீங்கள் சொன்னது சரியாகிவிடாது.

இனி அந்த எச்சரிக்கைக்கு வருகிறேன். அது என்ன எச்சரிக்கை என்று எனக்குத் தெரியும். சந்தேகமான பொயின்டர் மாற்றம் என்று நீலத் திரையின் அடியில் வந்திருக்கும். கம்ப்யூட்டருக்கே சந்தேகம் வந்திருக்கிறது, மச்சான். உங்களுக்கு வரவில்லை.

எனக்கு லெப்டொப் இல்லாததால் வாப்பாவின் வலை மிதவைகளில் பதினான்கை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம் எழுதி, சீமெந்து நிலத்தில் வரிசையாக அடுக்கினேன். அரே என்பது அவ்வளவுதானே, ஒரே அளவான பெட்டிகள் இடைவெளி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது. நீங்கள் அதை ஏழு ஏழாகப் பிரித்து இரண்டு வாரம் என்று வைத்தீர்கள். நல்லது. பிறகு ஒவ்வொரு வாரத்தின் தொடக்கத்தையும் காட்ட ஒரு பொயின்டர் வைத்தீர்கள். உங்கள் அச்சுப் பிரதியில் இப்படி இருக்கிறது:

int *p = pattiyal;
p = p + 1;

இரண்டாவது வரிக்குப் பக்கத்தில், அடுத்த வாரம் என்று குறிப்பு வேறு எழுதியிருக்கிறீர்கள்.

பாலாவிச் சந்தியில் நீங்களும் கல்பிட்டி பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான், பாலாவி. அதனால் இரண்டும் ஒன்று என்று நினைக்கத் தோன்றும். 'ஒன்று முன்னே போ' என்று சொன்னால் தெரியும். நீங்கள் ஓரடி எடுத்து வைப்பீர்கள். பஸ் அடுத்த தரிப்பிடத்தில் போய் நிற்கும். உங்கள் p ஒரே ஒரு பெட்டியைக் காட்டுகிற பொயின்டர். ஒன்று கூட்டினால் ஒரு பெட்டிதான் நகரும். உங்களுக்கு வேண்டியிருந்தது ஏழு பெட்டி கொண்ட ஒரு முழு வாரத்தையும் ஒன்றாகப் பார்க்கிற பொயின்டர்:

int (*p)[7] = pattiyal;

இதற்கு ஒன்று கூட்டினால் ஒரு வாரம் நகரும். இரண்டு பொயின்டருக்கும் முகவரி ஒன்று. காலடி வேறு.

நான் மிதவைகளில் நடந்து பார்த்தேன். உங்கள் p இரண்டாம் வாரத்துக்கு எட்டாம் மிதவைக்குப் போகவில்லை. இரண்டாம் மிதவையில் போய் நின்றது. இரண்டாம் இலக்கம் வாப்பா. அப்படியானால் வாப்பாவின் பெயர் மட்டுமல்ல, மூன்று, நான்கு, ஐந்து என்று ஏழாம் இலக்கம் வரை எல்லோரும் இரண்டாம் தரம் வர வேண்டும். கடைசியில் பஸ்தியான் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். சண்டையில் பட்டியலைக் கிழித்தெறிந்ததால் அதை யாரும் பார்க்கவில்லை. வாப்பாவின் மேல் பாசத்தில் நான் அவர் பெயரை இரண்டு தரம் தட்டினேன் என்றால், மற்ற ஐந்து பேர் மேலும் எனக்கு என்ன பாசம்?

ஓடவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

ஸும்ரா

*

தில்லையடி
05.11.2012

ஸும்ரா,

உன்னைப் பொய்யாக்கத்தான் ஓடவிட்டேன். அதுவும் சும்மா இல்லை, வகுப்பில், இருபத்திரண்டு பேருக்கு முன்னால், சுவரில் பெரிதாகத் தெரியும்படி. பொயின்டரைப் பற்றி ஊரில் எப்படிப்பட்ட தவறான எண்ணங்கள் இருக்கின்றன என்று இன்றைக்குப் பார்க்கப் போகிறோம் என்று முன்னுரை வேறு சொன்னேன்.

திரையில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலாம் வாரம்: 1 2 3 4 5 6 7
இரண்டாம் வாரம்: 2 3 4 5 6 7 8

 முன் வரிசையில் இருக்கும் ஷிம்லா என்ற பிள்ளை கையைத் தூக்கி, "சேர், ஊர்ல ஈக்கிறவங்கட எண்ணம் சரி போல" என்றது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி இருக்கவில்லை.

உடனே திருத்தப் போய் அவசரத்தில் அடைப்புக்குறி இல்லாமல் எழுதினேன். ஒரு வாரத்தைக் காட்டும் ஒரு பொயின்டருக்குப் பதிலாக ஏழு தனித்தனிப் பொயின்டர்கள் வந்து நின்றன. அடைப்புப் போட்டால் ஏழு பேரை ஏற்றிய ஒரு பஸ், போடாவிட்டால் ஏழு வெறும் பஸ் என்று உன் பாலாவி உதாரணத்தையே நீட்டிச் சொன்னேன். அவர்களுக்கு விளங்கியது. நான் மூன்று வருடமாகச் சொன்னது விளங்காமல் இருந்திருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பிழை என்னுடையது, ஸும்ரா. எச்சரிக்கையைப் பார்த்தும் தாண்டிப் போனது முதல் பிழை. அது சின்னது. பெரிய பிழை கூட்டத்தில் செய்தது. உன் வாப்பா அந்தச் சொல்லைச் சொன்னதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒதுங்கி வந்தவன் எங்கள் கரையைக் குழப்பிவிட்டான் என்று இனி ஊர் முழுக்கச் சொல்லும் என்ற பயம். அந்தப் பயத்தில் யாருடைய பெயராவது வாயில் வர வேண்டியிருந்தது. மிக அருகில் இருந்தது உன் பெயர். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. எழுதாவிட்டால் இன்னும் கூசும்.

திருத்திய பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். பத்தாம் திகதிக் கூட்டத்தில் காட்டு. உன் வாப்பாவின் வலை இறங்கும்.

நஜாத்

*

எத்தாளை
07.11.2012

மச்சான்,

உங்கள் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். முதல் தரம் சிரிப்பதற்கு. மற்ற மூன்று தரமும் எதற்கென்று சொல்ல மாட்டேன். ஷிம்லாவுக்கு என் ஸலாம்.

ஆனால் சந்தோஷப்பட எனக்கு ஒரு மணித்தியாலம்தான் கிடைத்தது. உங்கள் திருத்திய பட்டியலை நாட்காட்டியோடு வைத்துப் பார்த்தேன். இலக்கங்கள் எல்லாம் சரி. ஆனால் பதினான்கு வலை, பதினான்கு நாள் என்றால் சரியாக இரண்டு வாரம். அப்படியென்றால் ஒவ்வொரு வலைக்கும் பருவம் முடியும்வரை ஒரே கிழமைதான் வரும். பன்னிரண்டாம் இலக்கத்துக்கு எப்போதும் வெள்ளிக்கிழமை.

பன்னிரண்டாம் இலக்கம் சித்தி மரியம் மாமி. வெள்ளிக்கிழமை தொழுகைக்காக எங்கள் ஆட்கள் வலை இறக்குவதில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்காகப் பஸ்தியானின் ஆட்கள் இறக்குவதில்லை. ஐந்தாம் இலக்கத்துக்கும் வெள்ளிதான், ஆனால் அவர் பஸ்தியானின் ஆள்; ஞாயிறு வரும் ஏழும் பதினான்கும் எங்கள் ஆட்கள். முறையை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதைச் சங்கம் முன்னொரு சண்டைக்குப் பிறகு தடுத்துவிட்டது. அந்த நாள் போனால் போனதுதான். போன வருடம் பதின்மூன்று வலை என்பதால் வெள்ளி ஒவ்வொருவராகச் சுற்றிச் சுற்றி வந்தது, யாரும் கவனிக்கவில்லை. இப்போது உங்கள் சரியான பட்டியலின்படி மாமி இந்தப் பருவம் முழுவதும் ஒரு நாளும் வலை இறக்க முடியாது.

மாமியிடம் போய்ச் சொன்னேன். மறைக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன், மறைத்தால் நானும் உண்மையாகவே கள்ளி ஆகிவிடுவேன். மாமி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டா: "அப்ப ஒங்கட வாப்பா வராட்டி பதிமூண்டுதானே. எல்லாருக்கும் சரிதானே, மகள்?" கோபத்தில் கேட்கவில்லை. கணக்கு அப்படித்தான் வருகிறது. கூட்டத்தில் யாராவது இதைக் கண்டுபிடித்தால் வாப்பாவின் வலையை வெளியே விடுவதுதான் சுலபமான தீர்வு என்று எல்லோரும் சொல்வார்கள்.

இரண்டு நாள் மிதவைகளோடு உட்கார்ந்தேன். உம்மா எனக்கு ஓதிப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிட்டா. கடைசியில் எனக்கு உதவியது யார் தெரியுமா? உங்கள் பிழை.

உங்கள் p ஒரு வாரம் நகர வேண்டிய இடத்தில் ஒரு பெட்டி நகர்ந்தது. வாரத்துக்கு அது பிழை. ஆனால் ஒரு முழுச் சுற்று முடிந்த பிறகு ஒரே ஒரு பெட்டி நகர்ந்தால்? பதினான்கு இலக்கத்தையும் இரண்டு தரம், இருபத்தெட்டுப் பெட்டியாக அடுக்கினேன். பதினான்கு பெட்டி நீளமான ஒரு கயிற்றை அதன் பக்கத்தில் வைத்தேன். முதல் சுற்றில் கயிறு ஒன்றிலிருந்து பதினான்கு வரை. அடுத்த சுற்றில் ஒரு பெட்டி தள்ளி, இரண்டில் தொடங்கி ஒன்றில் முடிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோருக்கும் ஒரு முறை நிச்சயம். ஆனால் கிழமை ஒவ்வொன்றாக மாறுகிறது.

நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் புரோகிராமை எழுதி வைத்திருக்கிறேன். உயிர் இந்த இரண்டு வரியில்தான்:

int (*sutru)[14];
sutru = (int (*)[14])(varisai + r);

r சுற்றுக்கு ஒன்று கூடும், அதனால் தொடக்கம் பெட்டி பெட்டியாக நகரும், பார்வை பதினான்கையும் ஒன்றாகப் பார்க்கும். பதினான்கு சுற்றுக்கு ஓடவிட்டு, ஒவ்வொரு வலைக்கும் எத்தனை வெள்ளி, எத்தனை ஞாயிறு வருகிறது என்று எண்ணி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். என் மிதவைக் கணக்கில் எல்லோருக்கும் இரண்டு வருகிறது. ஆனால் நான் இரண்டு நாளாக நித்திரை கொள்ளவில்லை, அதனால் என்னை நம்ப வேண்டாம்.

ஸும்ரா

*

தில்லையடி
09.11.2012

ஸும்ரா,

மஹ்ரூப் நானா பஸ்ஸை நிறுத்தி வைத்துக்கொண்டு மணி அடிக்கிறார். அதனால் சுருக்கம்.

எல்லோருக்கும் இரண்டு வெள்ளி. எல்லோருக்கும் இரண்டு ஞாயிறு. எல்லோருக்கும் பதினான்கு முறை. ஒருவருக்கும் ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. மூன்று தரம் ஓடவிட்டேன். உன் மிதவைகள் என் லெப்டொப்பை வென்றுவிட்டன. நீ இரண்டு நாள் நித்திரை இல்லாமல் செய்த கணக்கு இது. நித்திரையோடு நான் செய்த கணக்கு எப்படி இருந்தது என்று ஊருக்கே தெரியும்.

ஒரு குறை இருக்கிறது, யாராவது கேட்பார்கள், ஆயத்தமாக இரு. ஒவ்வொரு சுற்று முடிவிலும் முதலாவதாக இருப்பவர் கடைசிக்குப் போவதால், அவர் ஒரே ஒரு தரம் இருபத்தேழு நாள் காத்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு எப்போதும்போல பதின்மூன்று நாள்.

இதற்குள் ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. சங்கத் தலைவருக்கு. நீ வாசிக்காதே, அவர் கூட்டத்தில் வாசிக்கட்டும். நான் வர மாட்டேன். வந்தால் கதைத்துத் தப்பிக்க வந்தான் என்பார்கள். உன் வாப்பாவும் கூப்பிடவில்லை. இது உன்னுடைய வெற்றி. நீயே கொண்டுபோ.

நஜாத்

*

எத்தாளை
11.11.2012

மச்சான்,

வென்றுவிட்டோம். இதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பீர்கள்.

கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை என்று வாசலிலேயே ஒருவர் சொன்னார். சித்தி மரியம் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பன்னிரண்டாம் வல என்டது. நான் பொம்பள இல்லையா?" என்று கேட்டா. வழி விட்டார்கள். இருபத்தெட்டு மிதவைகளையும் உரப்பையில் போட்டு நான் பின்னால் போனேன். வாப்பா மூலையில், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

தலைவர் முதலில் உங்கள் கடிதத்தை வாசித்தார். புரோகிராமில் பிழை விட்டவன் நான், பெயர்களில் ஒரு எழுத்தும் பிழையில்லை, என் பயத்தை மறைக்க என் மனைவியின் பெயரைச் சொன்னேன், சபையின் முன்னால் சொன்னதைச் சபையின் முன்னாலேயே திருப்பி எடுக்கிறேன் என்று.  நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் நிமிர்ந்தால் கண்ணீர் தெரிந்துவிடும். மன்னிக்க மாட்டேன் என்று ஒரு மாதமாகக் கட்டி வைத்திருந்தது எல்லாம் அந்த ஐந்து வரியில் போய்விட்டது.

பிறகு மிதவைகளைப் பாயில் அடுக்கினேன். பொயின்டர் என்ற சொல்லையே எடுக்கவில்லை. முதலில் ஏழு ஏழாகப் பிரித்து, பிழை எங்கே நடந்தது என்று காட்டினேன். ஏழு மிதவை தாண்ட வேண்டியவர் ஒரு மிதவை தாண்டிவிட்டார் என்றேன். அது எல்லோருக்கும் உடனே விளங்கியது. பிறகு வெள்ளிக்கிழமைச் சிக்கலைச் சொன்னேன். நான் பயந்த மாதிரியே பின்னாலிருந்து ஒருவர், அப்படியானால் பதின்மூன்றாகவே இருக்கட்டும் என்றார். சிலர் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் கயிற்றை எடுத்தேன். நான் தள்ளவில்லை. பஸ்தியான் சம்மாட்டியிடம் கொடுத்து, நீங்களே தள்ளுங்கள் என்றேன். அவர் முழந்தாளில் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றாகத் தள்ளி, எட்டாம் மிதவை ஞாயிறில் விழும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கினார். பதினான்கு சுற்று முடிய இரண்டு விரல் மடங்கியிருந்தன. பிறகு மாமியின் வெள்ளியை எண்ணினார், இரண்டு. வாப்பாவின் வெள்ளியை எண்ணினார், இரண்டு. எழும்பி நின்று, "இதுல களவு எடுக்க எடமே இல்ல" என்றார்.

நீங்கள் சொன்ன கேள்வியும் வந்தது. இருபத்தேழு நாள் முதலில் காத்திருப்பது யார்?  முதலாம் இலக்கம் தலைவருடையது, அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூலையிலிருந்து வாப்பா எழும்பினார். ஒரு மாதத்தில் நான் கேட்ட முதல் நீளமான பேச்சு அது. "என்ட வலைய மொதலாவதா போடுங்க. நான்தானே ஒரு மொற கூட எடுத்தன் எண்டு சொன்னீங்க. நானே காத்திருக்கன்." தலைவர் அவ்வளவு வேகமாக எதற்கும் சம்மதித்து நான் பார்த்ததில்லை. இரண்டு இலக்கமும் மாறின. கை தூக்கச் சொன்னார்கள். பதின்மூன்று கையும் எழும்பின. வாப்பாவின் கை மட்டும் எழவில்லை, அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பருவத்தில் முடியாத சுற்றுகள் அடுத்த பருவத்தில் தொடரும் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

இன்று காலை வாப்பா ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு பஸ்தியானின் மீன்வாடிக்குப் போனார். இரண்டு பேரும் உட்கார்ந்து கிழிந்த மடியைப் பின்னுகிறார்கள். போன ஆறு பேரில் நான்கு பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

வரும் பத்தொன்பதாம் திகதி திங்கட்கிழமை, புதிய பட்டியலின் முதல் நாள், வாப்பாவின் வலை இறங்குகிறது. கயிற்றில் இன்னும் இரண்டு ஆள் குறைவு. வாப்பா என்னிடம் வந்து, கடல் பக்கம் மூன்றாவது இடத்தில் ஆள் இல்லை என்று எழுதிவிடு என்றார். யாருக்கு என்று கேட்டேன். "இந்தக் கரைக்கு வந்து சேந்தவனுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று நினைக்கிறேன். இருபத்திரண்டு வருடமும் ஒரு மாதமும்.

இனி வேலை. பட்டியலை உங்களிடம் அச்சடிக்கக் கொடுப்பதாகச் சங்கம் தீர்மானித்திருக்கிறது. புரோகிராம் என்னுடையது, அதில் பொயின்டருக்குப் போட்ட ஒரு நட்சத்திரத்தையும் தொட வேண்டாம். பெயர்களை மட்டும் நீங்கள் தட்டுங்கள். பிழை வந்தால் பெயர் தட்டியவர்தான் காரணம் என்று சபையில் எழும்பிச் சொல்வேன்.

ஸும்ரா

*

தில்லையடி
14.11.2012

ஸும்ரா,

பதினான்கு பெயரும் தட்டிவிட்டேன். ஒவ்வொன்றையும் மூன்று தரம் வாசித்தேன், பிறகு ஷிம்லாவை வாசிக்கச் சொன்னேன். உன் நட்சத்திரம் ஒன்றையும் தொடவில்லை.

கம்பைல் செய்தேன். பிழைகள் பூச்சியம். எச்சரிக்கைகளும் பூச்சியம். இரண்டாவது பூச்சியத்தை நான் இதற்கு முன் ஒருநாளும் கவனித்ததில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டியலின் அடியில், தயாரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், பெயர் தட்டியவர் என்று என் பெயர்.

சனிக்கிழமை மஹ்ரூப் நானாவின் பஸ்ஸில் பட்டியலும் வரும், சாரங்களோடு நானும் வருவேன். கயிறு பிடித்துக் கை பழக ஒரு நாளாவது வேண்டும். மாமாவிடம் சொல், மூன்றாவது இடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டான்.

போனை அலுமாரியிலிருந்து எடுத்து வை. நீ அழுதாலும் பரவாயில்லை, ஏசினாலும் பரவாயில்லை.

நஜாத்